பெட்டைக் கோழி கூவுவது ஏன்?

பாதி சேவல், பாதி பெட்டை! பறவை உலகின் விந்தை

விடிவதற்கு இன்னும் ஒரு நாழிகை இருக்கிறது. ஜவ்வாது மலையில் பனி இறங்கியிருக்கிறது.

காட்டுக்குள் முதலில் ஒரு குரல் எழும்புகிறது. அது காட்டுச் சேவல். ஊருக்குள் இருந்து ஒரு பதில் குரல் வருகிறது. அது வீட்டுச் சேவல்.

இரண்டும் உறவுக்காரப் பறவைகள்தான். வீட்டுக் கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால், பல கோழிகளின் காலில் காணப்படும் மஞ்சள் நிறம் அதனிடம் இருந்து வந்தது அல்ல. நம் தென்னாட்டுக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழி கொடுத்த சீர் அது. சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் 2008-ம் ஆண்டு இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் ஜவ்வாது மலை பரந்து கிடக்கிறது. இங்கு வாழும் பழங்குடி மக்களுக்கு "மலையாளிகள்" என்று பெயர். கேரளத்து மலையாளிகள் அல்ல. இவர்கள் பேசுவது தமிழ். சாமை விதைப்பார்கள். பலா, புளி, தேன் விற்பார்கள். வீட்டைச் சுற்றிக் கோழி மேயும்.

ஏழை வீட்டில் கோழி என்பது சின்ன விஷயம் அல்ல. அவசரத்துக்கு அதுதான் காசு. விருந்தாளி வந்தால் அதுதான் கறி.

அப்படி அருமையாக வளர்த்த பெட்டைக் கோழி, ஒரு நாள் காலையில் கழுத்தை நீட்டிச் சேவல்போல் கூவினால் என்ன ஆகும்?

"ஐயோ, வீட்டுக்கு ஆகாது!" என்பார் பாட்டி. அன்று மாலையே அதன் கழுத்து அறுபடும். அல்லது, விஷயம் தெரியாத ஒருவர் தலையில் அரை விலைக்குக் கட்டி விடுவார்கள்.

மலையில் மட்டும் அல்ல, சமவெளி ஊர்களிலும் இந்த நம்பிக்கை உண்டு. இங்கிலாந்திலும் கூவும் கோழியைப் பழிக்கும் பழமொழி இருக்கிறது. "பெட்டைக் கோழி கூவி விடியுமா?" என்று நம் ஊரில் கேட்கிறார்கள். கோழிக்காக அல்ல, வாய் திறந்து பேசும் பெண்ணை அடக்கத்தான் இப்படிக் கேட்கிறார்கள்!

பாவம், அந்தக் கோழி என்ன தப்புச் செய்தது?

சேவலுக்கு மரண தண்டனை

கோழிக்கு ஏற்பட்ட இந்தக் கதி, மேல்நாட்டில் ஒரு சேவலுக்கும் ஏற்பட்டது.

சுவிட்சர்லாந்தில் பேசல் என்று ஒரு நகரம் இருக்கிறது. 1474-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அங்கே ஒரு சேவல் மீது வழக்கு நடந்தது. குற்றம் என்ன தெரியுமா? அது முட்டை இட்டு விட்டதாம்!

சேவல் இட்ட முட்டையில் இருந்து கொடிய பாம்பு பிறக்கும், அதன் பார்வை பட்டாலே மனிதன் செத்துப்போவான் என்று அந்தக் காலத்தில் ஐரோப்பியர்கள் நம்பினார்கள். ஆகவே, "இயற்கைக்கு மாறான குற்றம்" என்று தீர்ப்பு ஆயிற்று. ஊர் கூடி வேடிக்கை பார்க்க, சேவலையும் முட்டையையும் சேர்த்துத் தீயில் போட்டு எரித்தார்கள்.

அது சேவலே அல்ல, சேவலைப்போல் மாறிய பெட்டையாகத்தான் இருக்க வேண்டும். அப்படி மாறுகிற பெட்டைகள் உண்டு. 1474-ல் அதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

ஒற்றைச் சினைப்பை

கோழியின் வயிற்றுக்குள் ஒரு வேடிக்கை இருக்கிறது.

மனிதப் பெண்ணுக்குச் சினைப்பை இரண்டு. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. கோழிக்கு வேலை செய்வது இடப்பக்கச் சினைப்பை மட்டும்தான். வலப்பக்கத்தில் இருப்பது வளராமல் நின்றுபோன ஒரு சிறு துண்டு. பறப்பதற்கு உடல் இலேசாக இருக்க வேண்டும் என்பதால் இயற்கை இப்படிச் சிக்கனம் செய்திருக்கலாம் என்பார்கள்.

இடப்பக்கச் சினைப்பை முட்டையை உண்டாக்குகிறது. அதோடு, "ஹார்மோன்" என்னும் சுரப்பு நீரையும் இரத்தத்தில் கலக்கிறது. பெண் ஹார்மோன் ஊறும்வரை அது பெட்டைக் கோழி.

அந்த ஒற்றைச் சினைப்பையில் கட்டி வந்தால்? நோய் வந்து அழுகி விட்டால்?

பெண் ஹார்மோன் வற்றிப் போகும். தூங்கிக் கொண்டிருந்த வலப்பக்கத் துண்டு விழித்துக் கொள்ளும். அது சினைப்பையாக வளர்வது இல்லை. பெரும்பாலும் ஆணின் விதைபோல வளரும். ஆண் ஹார்மோனைச் சுரக்கும்!

அப்புறம் என்ன? கொண்டை பெரிதாகிச் சிவக்கும். தாடி தொங்கும். காலில் முள் முளைக்கும். இறகு உதிர்ந்து முளைக்கும்போது சேவலின் பளபளப்பான இறகு வரும். முட்டை நின்று விடும். ஒரு நாள் காலையில், "கொக்கரக்கோ!"

ஆக, கூவும் கோழிக்குப் பேயும் பிடிக்கவில்லை, பில்லி சூனியமும் இல்லை. அது வயிற்று நோய்க்காரி.

தாயாக இருந்து தந்தை ஆன கோழி

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் கிரூ என்ற பெயருள்ள ஒரு விஞ்ஞானி இருந்தார். கால்நடைகளின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்தவர். 1923-ம் ஆண்டு அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை உலகத்தையே வியக்க வைத்தது.

அது ஆர்பிங்டன் ஜாதிக் கோழி. முட்டை இட்டது. அடை காத்துக் குஞ்சும் பொரித்தது. மூன்று வயதுக்கு மேல் அதற்கு உடல் நலம் கெட்டது. முட்டை நின்றது. கூவ ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேவலாகவே மாறி விட்டது.

கிரூ அதை ஓர் இளம் பெட்டையோடு சேர்த்து விட்டார். பெட்டை முட்டைகள் இட்டது. இரண்டு குஞ்சுகள் வெளிவந்தன. குஞ்சுகளின் தாயாக இருந்த கோழி, இப்போது வேறு குஞ்சுகளுக்குத் தந்தை!

பிறகு அதை அறுத்துப் பார்த்தார்கள். சினைப்பையைக் காசநோய் அரித்து விட்டிருந்தது. உள்ளே ஆண் விதைகள் வளர்ந்திருந்தன.

இது மிக மிக அபூர்வம். பெரும்பாலான கூவும் கோழிகள் தந்தை ஆவது இல்லை. வேடம் மட்டும்தான் சேவல் வேடம்.

தோகை விரித்த பெண் மயில்

கோழிக்கு மட்டும் உள்ள வழக்கம் அல்ல இது. மயிலுக்கும் உண்டு.

1770-களில் இங்கிலாந்தில் டிண்ட் சீமாட்டி என்னும் பெண்மணி ஒரு பெண் மயிலைச் செல்லமாக வளர்த்து வந்தார். அது எட்டு முறை குஞ்சு பொரித்த மயில். சுமார் பதினோரு வயதில் இறகு உதிர்ந்தது. புது இறகு முளைத்தபோது வீட்டார் திகைத்துப் போனார்கள். ஆண் மயிலின் தோகை! மூன்றாம் வருஷம் காலில் முள்ளும் வந்து விட்டது. அதற்குப் பிறகு அது முட்டை இடவே இல்லை. 1775-ம் ஆண்டு முடிந்து 1776 பிறந்த கடுங்குளிரில் இறந்தது.

ஜான் ஹண்டர் என்னும் புகழ்பெற்ற வைத்தியர் 1780-ல் இந்த மயிலைப் பற்றி எழுதினார். கிழப் பெட்டைக்கு ஆண் இறகு வருவதும், வயதான பெண்களின் முகத்தில் ரோமம் முளைப்பதும் ஒரே மாதிரியான காரியங்கள் என்று அவர் ஊகித்தார். ஹார்மோன் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் இப்படி ஊகித்தது பெரிய காரியம்.

மயில் தோகையைப் பற்றி எல்லோரும் தப்பாக நினைக்கும் ஒன்று இங்கே இருக்கிறது.

ஆண் ஹார்மோன் இருப்பதால் தோகை முளைக்கிறது என்றுதான் நினைப்போம். இல்லை. பெண் ஹார்மோன் இல்லாததால் முளைக்கிறது! கோழி, மயில் ஜாதிகளில் பகட்டான இறகுதான் அடிப்படை உடை. பெண் ஹார்மோன்தான் அதைத் தடுத்து, பெட்டைக்கு மங்கிய உடையைக் கொடுக்கிறது. முட்டை மேல் உட்கார்ந்திருக்கும் தாய், நரியின் கண்ணுக்குத் தெரியக் கூடாது அல்லவா?

காயடித்த சேவலைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அதற்குக் கொண்டை சுருங்கி விடும். கூவல் போய் விடும். சண்டைக் குணம் போய் விடும். ஆனால், வால் இறகு மட்டும் சேவல் இறகாகவே இருக்கும்.

ஜெர்மனியில் 1849-ம் ஆண்டு பெர்த்தோல்டு என்னும் பேராசிரியர் சேவல் குஞ்சுகளுக்குக் காயடித்தார். சிலவற்றுக்கு மட்டும் எடுத்த விதையை வயிற்றுக்குள் வேறு இடத்தில் வைத்துத் தைத்தார். விதை வைத்த குஞ்சுகள் வளர்ந்து கூவின. சண்டை போட்டன. மற்றவை சும்மா இருந்தன. விதையில் இருந்து ஏதோ ஒன்று இரத்தத்தில் கலக்கிறது என்பது அன்றே தெரிந்து விட்டது.

சூரபத்மன் உடல் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி மயிலும் மறு பாதி சேவலும் ஆயிற்று என்று புராணம் சொல்லுகிறது. முருகனுக்கு ஒன்று வாகனம், ஒன்று கொடி. ஆணா பெண்ணா என்று விஞ்ஞானிகளைத் திண்டாட வைத்ததும் அதே இரண்டு பறவைகள்தான்.

நெட்டுக்கு இரண்டு பாதி

இதுவரை சொன்னவை எல்லாம் பெண்ணாகப் பிறந்து பின்னால் மாறியவை. பிறக்கும்போதே பாதி ஆணாகவும் பாதி பெண்ணாகவும் பிறக்கும் பறவைகள் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

ஜவ்வாது மலையின் கணிசமான பகுதி திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது அல்லவா? அந்தத் திருவண்ணாமலையில், கார்த்திகை தீபத்தன்று மாலை, மலை உச்சியில் தீபம் ஏற்றும் வேளையில் அர்த்தநாரீசுவரர் வெளியே வருவார். சில நிமிடங்கள்தான் காட்சி. வலப்பாதி சிவன். இடப்பாதி உமை.

அதைப்போல, நடுவில் கோடு கிழித்த மாதிரி ஒரு பக்கம் ஆண் நிறமும் மறு பக்கம் பெண் நிறமும் உள்ள பறவைகள் உலகத்தில் இருக்கின்றன.

2019-ம் ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு கார்டினல் குருவி வந்தது. அந்த ஜாதியில் ஆண் செக்கச்செவேல் என்று இருக்கும். பெண் மங்கிய பழுப்பு. வந்த குருவியோ ஒரு பாதி சிவப்பு, ஒரு பாதி பழுப்பு! அதன் படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது.

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டில் தேன் குடிக்கும் குருவி ஒன்றை 2021-ம் ஆண்டில் இருந்து 2023-ம் ஆண்டுவரை கவனித்து வந்தார்கள். வலப்பக்கம் ஆணின் நீலம். இடப்பக்கம் பெண்ணின் பச்சை. அது பெரும்பாலும் தன் இனத்தோடு ஒட்டாமல் தனியே திரிந்தது. மற்றக் குருவிகளும் அதை நெருங்கவில்லை. ஆனாலும், நோய் நொடி இல்லாமல் மாதக்கணக்கில் வந்து போய்க் கொண்டிருந்தது.

ஒரே உடலில் அண்ணனும் தங்கையும்

இது எப்படி நேருகிறது?

உயிரணுக்குள் நூல்போன்ற "குரோமோசோம்கள்" இருக்கின்றன. ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பவை அவற்றில் இரண்டு. பறவைகளில் அவற்றுக்கு "இசட்", "டபிள்யூ" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டும் இசட் என்றால் ஆண். ஒன்று இசட், ஒன்று டபிள்யூ என்றால் பெண்.

சேவலிடம் டபிள்யூ கிடையாது. ஆகவே, பிறப்பது சேவலா பெட்டையா என்பது தாய்க் கோழி கொடுப்பதைப் பொறுத்தது.

மனிதரில் இது தலைகீழ். குழந்தை ஆணா பெண்ணா என்பது தந்தை கொடுப்பதைப் பொறுத்தது. பெண் பிள்ளை பெற்றாள் என்று மருமகளைத் திட்டுகிற மாமியார், திட்டுவதானால் தன் மகனைத்தான் திட்ட வேண்டும்! அவனையும் திட்டிப் பயன் இல்லை. அது அவன் கையில் இல்லை.

கோழிக்கு வருவோம். கரு முட்டை உண்டாகும்போது தாயின் குரோமோசோம்கள் இரண்டு பங்காகப் பிரியும். ஒரு பங்கு முட்டையில் தங்கும். மறு பங்கு சிறு துணுக்காக ஒதுக்கப்படும். எப்போதாவது ஒரு முறை, ஒதுங்க வேண்டிய பங்கும் உள்ளேயே தங்கி விடுகிறது. ஒரு பங்கில் இசட். மறு பங்கில் டபிள்யூ.

பறவை முட்டைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண் அணுக்கள் நுழைவது சகஜம். இரண்டு ஆண் அணுக்கள் இரண்டு பங்கோடும் சேர்ந்து விட்டால், ஒரே ஓட்டுக்குள் ஓர் ஆண் கருவும் ஒரு பெண் கருவும் ஒட்டி வளரும். உடலில் ஒரு பாதி அண்ணன், ஒரு பாதி தங்கை என்று சொல்லலாம்.

இதை நிரூபித்தவை மூன்று கோழிகள். கிரூ வாழ்ந்த அதே எடின்பரோவின் அருகில் உள்ள ராஸ்லின் ஆராய்ச்சி நிலையத்தில் மைக்கேல் கிளிண்டனும் அவருடன் வேலை செய்தவர்களும் அவற்றை ஆராய்ந்தார்கள். 2010-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் ஒரு கோழிக்கு ஒரு பக்கம் வெள்ளை இறகு, பெரிய தாடி, தடித்த மார்புச் சதை, காலில் பெரிய முள். மறு பக்கம் பழுப்பு இறகு, எல்லாம் சிறிது. பத்தாயிரம் கோழிகளில் ஒன்று இப்படிப் பிறக்கலாம் என்று மதிப்பிட்டார்கள்.

இதில் விஞ்ஞானிகளைத் திடுக்கிட வைத்தது வேறு ஒன்று. இரண்டு பாதியிலும் ஓடுவது ஒரே இரத்தம். கலந்திருப்பது ஒரே ஹார்மோன். அப்படியானால் இரண்டு பாதியும் ஒன்றுபோல அல்லவா வளர வேண்டும்? வளரவில்லையே!

ஹார்மோன் என்ன சொன்னாலும், பறவையின் ஒவ்வோர் உயிரணுவும் தான் ஆணா பெண்ணா என்பதைத் தானே அறிந்து வைத்திருக்கிறது என்பது இதனால் தெரிந்தது. ஹார்மோன் ஊர்ப் பெரியவர் மாதிரி. அணு வீட்டுக்காரர் மாதிரி. இறகு விஷயத்தில் பெரியவர் பேச்சு எடுபடுகிறது. உடல் பருமன் விஷயத்தில் வீட்டுக்காரர் சொன்னதே நடக்கிறது.

நம் ஊர்ப் பறவைக் கடைகளில் கூண்டில் விற்கிறார்களே, சிவப்பு அலகு ஜீப்ரா பிஞ்ச் குருவி? அதிலும் ஒன்று பாதிக்குப் பாதியாகப் பிறந்தது. வலப்பக்கம் ஆண், இடப்பக்கம் பெண். அமெரிக்காவில் ஆர்தர் ஆர்னால்டு குழுவினர் 2003-ம் ஆண்டு அதன் மூளையை ஆராய்ந்தார்கள். மூளையும் பாதிக்குப் பாதி! அந்த ஜாதியில் பாடுவது ஆண் மட்டும்தான். இந்தக் குருவியோ பாடியது. பெட்டையோடு ஜோடி சேர்ந்தது. பெட்டை முட்டையும் இட்டது. ஆனால், அவை பொரியவில்லை.

மலையில் பார்க்க முடியுமா?

ஜவ்வாது மலையில் இப்படி ஒரு பறவை கண்ணில் பட்டால் அடையாளம் தெரியுமா?

காக்கையானால் தெரியாது. காக்கையில் ஆணும் கறுப்பு, பெண்ணும் கறுப்பு. பாதிக்குப் பாதியாகப் பிறந்த காக்கை உங்கள் வீட்டுக் கூரையில் உட்கார்ந்து சோறு தின்று விட்டுப் போயிருந்தாலும், யாருக்கும் தெரிந்திருக்காது!

குயிலானால் தெரியும். ஆண் குயில் கன்னங்கறுப்பு. பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளி. காட்டுக்கோழியானால் இன்னும் நன்றாகத் தெரியும். சேவலின் கழுத்தில் மெழுகுத் துளி தெளித்ததுபோல் மஞ்சள் புள்ளிகள் மின்னும். பெட்டையின் மார்பில் வெள்ளைச் செதில் செதிலாக இருக்கும்.

பார்த்தால் படம் எடுக்கலாம். வனத்துறைக்குச் சொல்லலாம். பிடிக்கக் கூடாது. மயிலையும் காட்டுக்கோழியையும் வேட்டையாடுவது 1972-ம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அதிசயமாகத் தெரிவது எல்லாம் அதிசயமும் அல்ல. புதர்க்காட்டில் வாழும் ஒரு வகைக் காடையில் பெட்டைதான் பெரியது. பெட்டைதான் குரல் கொடுத்துச் சண்டைக்கு அழைக்கும். முட்டை இட்டதும் அடுத்த மாப்பிள்ளையைத் தேடிப் போய் விடும். அடை காத்துக் குஞ்சு வளர்ப்பது ஆண்! அது நோயும் இல்லை, பிறவிக் கோளாறும் இல்லை. அந்த வீட்டு வழக்கம் அப்படி.

கூவும் கோழியை என்ன செய்வது?

வீட்டுக் கோழி கூவினால் கத்தியைத் தேட வேண்டாம். முதலில் அதன் கொண்டையையும் காலையும் பாருங்கள். கொண்டை பெருத்து, கால் முள் வளர்ந்து, முட்டையும் நின்று போயிருந்தால், சினைப்பை கெட்டு விட்டது என்று அர்த்தம். அது இனி முட்டை இடுவது சந்தேகம். ஆனால், தீனி தின்று கொண்டு திடமாக இருக்குமானால், அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. மெலிந்து, சோர்ந்து, கழிச்சலும் இருந்தால் மற்றக் கோழிகளிடம் இருந்து பிரித்து வையுங்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காசநோயாக இருந்தால் மற்றவற்றுக்கும் தொற்றும். அப்படிப்பட்ட கோழியை அறுத்துச் சமைப்பதும் கூடாது.

கொண்டையும் பெருக்கவில்லை, முட்டையும் நிற்கவில்லை, ஆனாலும் கூவுகிறது என்றால்? உங்கள் கோழிக்கூட்டத்தில் சேவல் இருக்கிறதா என்று பாருங்கள். சேவல் இல்லாத கூட்டத்தில், எல்லாவற்றையும் கொத்தி அதிகாரம் செய்கிற மூத்த பெட்டை, சேவலின் வேலையையும் தானே எடுத்துக் கொள்வது உண்டு. குப்பைமேட்டில் ஏறிக் கூவும். இறங்கி வந்து முட்டையும் இடும்.

ஒரு சேவலை வாங்கி விட்டால் பல சமயம் அந்தக் கூவல் நின்று விடும்.